பின்னறைக்கு வைஃபை: பழைய லேப்டாப்புக்கு எந்த வழி?

பாம்பனில் எங்கள் வீடு இரண்டு காலத்தில் கட்டியது. முன்பகுதி தாத்தாவுடையது. பவளக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி எழுப்பிய ஒன்றரை அடிச் சுவர். தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு மிஞ்சி நிற்கும் தேவாலயத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கல் தெரிந்திருக்கும். பின்னால் இருப்பது அப்பா சேர்த்த கான்கிரீட் அறை. ஃபைபர் தெருப்பக்கம் வந்து பட்டாசாலையில் முடிகிறது. அக்கா டியூஷன் எடுப்பது பின்னறையில். நடுவே 45 அடி தூரம், 3 சுவர், ஒரு ஃபிரிட்ஜ், அம்மாவுக்குச் சீராக வந்த ஓர் இரும்பு பீரோ.

அக்காவின் லேப்டாப்பும் அந்த வீடு மாதிரிதான். பழசு, ஆனால் உறுதி. ப்ளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது. 2011இல் ஆரம்பித்த அந்தத் திட்டத்தின் லேப்டாப்பை இன்னும் தூக்கிப் போடாத வீடு எங்களுடையது. அக்கா அதில் எஸ்எஸ்டி போட்டு, ரேமைக் கூட்டி, லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறாள். எழுத, படிக்க, படம் பார்க்க ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் காணொளி வகுப்பு தொடங்கியதும்தான் அதற்கு வலிப்பு வரும்.

“தம்பி, நான் பேசுறது பிள்ளைகளுக்குக் கிணத்துக்குள்ள இருந்து கேக்குற மாதிரி இருக்காம். புதுசு வாங்கிரவாடா, இல்ல நெட்டை மாத்தவா?” என்றாள்.

“ரெண்டும் வேணாம்க்கா, ஒரு வாரம் பொறு” என்றேன். அந்த ஒரு வாரம் இரண்டு மாதமானது. அந்த இரண்டு மாதத்தில் பார்த்ததையும், வாங்கி ஏமாந்ததையும், கடைசியில் தேறியதையும் வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

முதல் தவறு என்னுடையது. அளந்து பார்க்காமல், சுவர் பிளக்கில் செருகுகிற ரிப்பீட்டர் ஒன்றை 1,400 ரூபாய்க்கு வாங்கி, சிக்னல் வராத பின்னறையிலேயே மாட்டினேன். லேப்டாப்பில் சிக்னல் கோடுகள் முழுதாக எழுந்தன. அக்காவுக்குச் சந்தோஷம். வகுப்பு தொடங்கியது, மறுபடி கிணற்றுக்குள் போனது. காரணம் எளிது. ரிப்பீட்டர் தன் காதில் விழுந்ததைத்தான் திருப்பிச் சொல்லும். பின்னறையில் அதற்கே ரூட்டர் சொல்வது அரைகுறையாகக் கேட்கிறது. லேப்டாப் காட்டுவது ரிப்பீட்டருக்கும் தனக்கும் இடையிலுள்ள சிக்னலை மட்டும். ரிப்பீட்டருக்கும் ரூட்டருக்கும் நடுவில் என்ன பாடு என்று அந்தக் கோடுகளுக்குத் தெரியாது.

அதனால் எதையும் வாங்குமுன் அளப்பது நல்லது. வைஃபை சிக்னலை அளந்து காட்டும் இலவசச் செயலிகள் ஆண்ட்ராய்டில் நிறைய உண்டு. அவை காட்டும் எண் மைனஸில் இருக்கும், டிபிஎம் என்பார்கள். பூஜ்யத்துக்கு எவ்வளவு கிட்டேயோ அவ்வளவு நல்லது. மைனஸ் 50 என்றால் ராஜா. மைனஸ் 67 வரை காணொளிப் பேச்சு தடையில்லாமல் ஓடும். 75ஐத் தாண்டினால் திணறல், 80இல் ஒட்டும் ஒட்டாது. ஒவ்வொரு 10க்கும் வலிமை பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்பதை மறக்கக் கூடாது. 60க்கும் 80க்கும் வித்தியாசம் நூறு மடங்கு.

எங்கள் பட்டாசாலையில் மைனஸ் 44. பவளக்கல் சுவரைத் தாண்டியதும் 61. பின்னறையில் என் போன் 72 காட்டியது, அதே மேசையில் அக்காவின் லேப்டாப் 81. ஒரே இடம், ஒரே அலைவரிசை, இரண்டு காது. ஆக வீட்டிலும் குறை உண்டு, லேப்டாப்பிலும் குறை உண்டு. உங்கள் வீட்டில் போன் நன்றாக ஓடி லேப்டாப் மட்டும் திணறினால் ரூட்டரைத் தொடாதீர்கள், கோளாறு லேப்டாப்பில். இரண்டுமே திணறினால் லேப்டாப்பைத் திட்டிப் பயனில்லை.

இதைச் செலவில்லாமல் உறுதி செய்ய ஒரு வழி உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. ஆண்ட்ராய்டு போனை வீட்டு வைஃபையில் இணையுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். பிறகு போனை யுஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் செருகி, யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். போன் வாங்கும் வைஃபை கேபிள் வழியாக லேப்டாப்புக்குப் போகும். அதாவது 12 வயதுக் காதை ஒதுக்கிவிட்டு, போனின் புதுக் காதைக் கடன் வாங்குகிறோம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் வேலை செய்கிறது. ஐபோனில் இது நடக்காது. அது மொபைல் டேட்டாவை மட்டுமே பகிரும். அக்கா ஒரு வாரம் இப்படியே வகுப்பெடுத்தாள். ஓரளவு சரியாகவே ஓடியது. ஆனால் நடுவில் யாராவது போன் செய்தால் பாடம் நிற்கும், போனும் சூடாகும். நாள்தோறும் வைத்துக்கொள்ள முடியாது. சோதனைக்கும் அவசரத்துக்கும் இதைவிட நல்லது கிடையாது.

அடுத்தும் காசில்லாத வேலைதான், ரூட்டரை நகர்த்துவது. எங்களுடையது பீரோவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் இருந்தது. இரும்பு அலையைத் திருப்பி அனுப்பும், தண்ணீர் விழுங்கும். மீன் தொட்டி, தண்ணீர் டிரம், மாடியிலுள்ள தொட்டி எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். லைன்மேன் அண்ணனிடம் கேட்டு ஃபைபரை 12 அடி உள்ளே இழுத்து, நடைவாசல் நிலைக்கு மேலே ரூட்டரை மாட்டினோம். பின்னறையில் போனின் எண் 72இலிருந்து 66க்கு வந்தது, லேப்டாப் 81இலிருந்து 75க்கு வந்தது. ஒரு டீ வாங்கிக் கொடுத்ததோடு சரி.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் ரூட்டரின் செட்டிங்ஸையும் ஒருமுறை பார்க்க வேண்டும். அந்தக் காலத்து வைஃபை கார்டுகள் பலவற்றுக்கு, வைஃபையின் வழக்கமான இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், 5 தெரியாது. இதில் பெரிய நட்டமில்லை. 5 வேகமானது, ஆனால் சுவரைத் துளைக்கத் தெம்பில்லாதது. பவளக்கல் வீட்டில் 2.4தான் பின்கட்டு வரை நடக்கும். புது ரூட்டர்கள் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து, எதில் சேர்ப்பது என்று தாங்களே முடிவெடுக்கும். அதைப் பிரித்து 2.4க்குத் தனிப் பெயர் வைத்தால் சோதிப்பது சுலபம். சேனலை, அதாவது அந்த அலைவரிசைக்குள் ரூட்டர் பேசும் தடத்தை, 1, 6, 11 இந்த மூன்றில் ஆள் குறைந்த ஒன்றில் வையுங்கள். 12, 13 சில பழைய கார்டுகளின் கண்ணில் படாது. சேனலின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். கடவுச்சொல் பாதுகாப்பு முறை புதிய டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய லேப்டாப் வாசலிலேயே நிற்கும், முந்தைய டபிள்யூபிஏ2வையும் அனுமதியுங்கள். வைஃபை 6 என்ற புதுத் தலைமுறை ரூட்டர் என்றால், 2.4இல் அந்த முறையை அணைத்துப் பாருங்கள். பழைய டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) உள்ள சில கார்டுகளுக்கு அது இயங்கும்போது நெட்வொர்க்கின் பெயரே தெரியாது. “லேப்டாப் செத்துப் போச்சு” என்று கடைக்குக் கொண்டுபோய்விடுவோம்.

இதெல்லாம் முடிந்தும் எங்களுக்கு மைனஸ் 75. அதற்குப் பிறகுதான் காசு கொடுத்து வாங்குகிற பேச்சு.

ரிப்பீட்டருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தேன். பின்னறையிலிருந்து கழற்றி, சிக்னல் இன்னும் 60 அளவில் இருக்கிற நடுக்கூடத்தில் மாட்டினேன். அதற்குரிய இடம் அதுதான்: ரூட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவழி. இப்போது நிஜமாகவே வேலை செய்தது. ஒரே ரேடியோவால் கேட்கவும் பேசவும் வேண்டியிருப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. ஒரு காணொளி வகுப்புக்கு 2, 3 எம்பிபிஎஸ் இருந்தால் போதும், விட்டுவிட்டு வராமல் இருப்பதுதான் முக்கியம். ஆனால் ரிப்பீட்டரைக் கவிழ்த்தது கரண்ட். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் லைன் லைட்டுக்கும் ஃபேனுக்கும் ரூட்டர் பிளக்குக்கும்தான் போகிறது. நடுக்கூடத்து பிளக்கில் கிடையாது. கரண்ட் போனால் ரூட்டர் ஓடும், லேப்டாப் பேட்டரியில் ஓடும், நடுவில் இருக்கிற ரிப்பீட்டர் மட்டும் கண்ணை மூடும். காற்றும் மழையும் சேர்ந்து வருகிற நாட்களில் வகுப்பு அந்த இடத்தில்தான் அறுந்தது. ரிப்பீட்டர் வாங்க நினைக்கிறவர்கள் விலையைப் பார்க்குமுன், வீட்டில் நடுவழியில் இன்வெர்ட்டர் பிளக் இருக்கிறதா என்று பாருங்கள்.

யுஎஸ்பி வைஃபை அடாப்டரை நான் குறைவாக மதிப்பிட்டிருந்தேன். லேப்டாப்பின் காது மட்டும்தான் மந்தம் என்றால் முதலில் வாங்க வேண்டியது இதுதான். நகத்தளவு இருக்கிற குட்டி அடாப்டர் வேண்டாம். உள்ளே ஏற்கெனவே இருக்கும் கார்டைவிட அது பெரிதாக ஒன்றும் பிடிக்காது. ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கிற, இரண்டு அலைவரிசையும் தெரிந்த அடாப்டர் 1,000 ரூபாய்க்குச் சற்று மேலே கிடைக்கிறது. நான் வாங்கியது 1,100. விண்டோஸ் என்றால் டிரைவர் பெட்டியோடு வரும். லினக்ஸ் என்றால் பிராண்டைவிட உள்ளே இருக்கும் சிப் முக்கியம். மீடியாடெக் எம்டி7612யூ போன்றவை செருகியதும் எழுந்துகொள்ளும். சில ரியல்டெக் சிப்புகளுக்கு டிரைவரைத் தேடிக் கட்டி ஏற்ற வேண்டும், லினக்ஸின் மையமான கெர்னல் மாறும்போதெல்லாம் அந்த வேலை திரும்ப வரும்.

இந்த அடாப்டரின் உண்மையான பலம் அதை லேப்டாப்பிலிருந்து பிரித்து வைக்க முடிவது. ஒன்றரை மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் போட்டு, அடாப்டரை ஜன்னல் விளிம்பிலோ கதவு நிலைக்கு மேலோ மாட்டலாம். மேசையில் 70 காட்டியது, நிலைக்கு மேலே 64 ஆனது. யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் விதி. இதில் ஒரு விளையாட்டும் செய்து பார்த்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதைவிட மிகச் சிறிய கண்ணுள்ள கம்பி வலை அதற்குச் சுவர் மாதிரி. அம்மாவின் மாவு சல்லடையை ரூட்டர் பக்கம் பார்த்து நிறுத்தி, அடாப்டரை அதன் முன்னால் தொங்கவிட்டேன். இன்னும் 4 புள்ளி கூடியது. வலைக்காரர் ஊரில் நெட்டையும் வலை வைத்துப் பிடித்தாயிற்று என்று மாமா சிரித்தார். மறுநாள் காலை இடியாப்பத்துக்கு மாவு சலிக்க வேண்டும் என்று அம்மா சல்லடையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

லேப்டாப்பைத் திறந்து உள்ளே இருக்கும் வைஃபை கார்டையே மாற்றுவதும் ஒரு வழி. கார்டு மலிவு. ஆனால் எங்கள் லேப்டாப்பில் திரைக்குள் ஓடும் ஆன்டெனா வயர் ஒன்றுதான் இருந்தது. புதுக் கார்டுக்கு இரண்டு வேண்டும். தவிர, சில பழைய லேப்டாப்புகளின் பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கி வைக்கும் மென்பொருள்) தன் பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் பூட் ஆகவே மறுக்கும். துருவேறிய திருகுகளைப் பார்த்ததும் மூடிவிட்டேன்.

கரண்ட் வயர் வழியாகவே இணையத்தை அனுப்புகிற பவர்லைன் அடாப்டர் பற்றியும் படித்தேன். மூன்று பேஸ் இணைப்புள்ள வீட்டில் இரண்டு பிளக்கும் ஒரே பேஸில் அமைய வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகக் கூடாது, வயரிங் பழசாக இருந்தால் வேகம் விழும். எங்கள் பின்னறைக்கோ தனி மீட்டர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மெஷ், அதாவது பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபையைப் பரப்புவது, நல்ல பொருள்தான். இரண்டு பெட்டி சேர்ந்த செட் பல ஆயிரம் ஆகும். வீடு முழுக்க நாலைந்து பேர் நடந்துகொண்டே போன் பார்க்கிறார்கள் என்றால் வாங்கலாம். மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பழைய லேப்டாப்புக்காக வாங்குவது, ஒரு கூடை மீனுக்கு விசைப்படகு எடுத்துப் போகிற கதை. அந்தப் பெட்டிகளும் தங்களுக்குள் காற்று வழியாகத்தான் பேசிக்கொள்கின்றன, அதே பவளக்கல் சுவரைத் தாண்டித்தான் பேச வேண்டும்.

கேபிளை நான் கடைசியாகத்தான் நினைத்தேன், வைஃபை வீட்டில் கேபிளா என்ற கௌரவத்தில். இப்போது கேட்டால், அசையாத லேப்டாப்புக்கு முதலில் கேபிள், பிறகுதான் மற்றது என்பேன். ஈதர்நெட் கேபிளுக்கு 100 மீட்டர் வரை கவலையில்லை. எங்களுக்கு வேண்டியது 22 மீட்டர். பழைய லேப்டாப்பில் அந்தக் கேபிளைச் செருகும் லேன் போர்ட் இருக்கும், புதிய மெல்லிய லேப்டாப்புகளில்தான் அதைக் காணோம். அந்த போர்ட் 100 எம்பிபிஎஸ்தான் என்றாலும், தடிச்சுவர், பீரோ, பக்கத்து வீட்டு ரூட்டர் எதற்கும் அது பயப்படாது. நடுவில் கரண்ட் வேண்டிய பெட்டியும் இல்லை. ரூட்டருக்கு இன்வெர்ட்டர் இருந்தால், லேப்டாப் பேட்டரி தாங்கும்வரை வகுப்பு ஓடும்.

இந்தக் கடற்கரையில் கேபிளின் எதிரி தூரம் கிடையாது, உப்பு. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்குப் பெயின்ட் அடித்து அடித்து, கடைசியில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தக் காற்று விரல் நுனி அளவு கனெக்டரை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலோரம் வருஷக்கணக்கில் திறந்து கிடந்த ஒரு கனெக்டரைப் பரணிலிருந்து எடுத்துப் பார்த்தேன், பித்தளைப் பாத்திரம் மாதிரி பச்சைக் களிம்பு.

கேபிள் வாங்கும்போது கவனிக்க வேண்டியது முழுத் தாமிரமா என்பதுதான். அலுமினியக் கம்பிக்கு மேலே தாமிரம் பூசி, அதே பெயரில், பாதி விலைக்கு விற்கிறார்கள். உப்புக்காற்றில் அது சீக்கிரம் பொடிந்துபோகும். கடையிலேயே ஒரு நுனியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். தூக்கிப் பார்த்தாலும் கனம் சொல்லிவிடும். நாங்கள் வாங்கியது கேட்6, மீட்டர் 28 ரூபாய், கறுப்பு உறை போட்ட வெளிப்புற வகை. சாதாரணச் சாம்பல் உறை இந்த வெயிலில் வெடித்துவிடும்.

சுவரைத் துளைக்க நான் டிரில்லோடு நின்றதைப் பார்த்த கொத்தனார் மாமா, “அந்தச் சுவத்தைத் தொடாத மாப்ள, சுண்ணாம்பு கொட்டிக்கிட்டே இருக்கும்” என்றார். சுவருக்கு மேலே மரச்சட்டம் போட்ட காற்றுச் சாளரம் பழைய வீடுகளில் இருக்கும். அதன் வழியாகவே இழுத்தோம். கரண்ட் வயர் போகும் பைப்பில் சேர்க்காமல் தனியாக விட்டோம். மொட்டைமாடி வழியாகக் கொண்டுபோனால் தூரம் குறையும்தான், ஆனால் திறந்த வெளியில் தாமிரக் கம்பியை நீட்டி வைப்பது வடகிழக்குப் பருவத்து இடிமின்னலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. கனெக்டர்கள் இரண்டையும் வீட்டுக்குள்ளேயே, ஜன்னலிலிருந்து தள்ளி முடித்தோம். வெளிச்சுவரில் போவது 3 மீட்டர் மட்டும். கேபிள், கனெக்டர், கிளிப் எல்லாம் சேர்த்து 800 ரூபாய்க்குள். ரிப்பீட்டர் விலையில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

பின்னறையில் போனுக்கும் சிக்னல் வேண்டும் என்று அம்மா சொன்னதால், பரணில் கிடந்த பழைய ரூட்டரையும் எடுத்தேன். புதுச் செலவில்லை. அதன் முகவரியை முதன்மை ரூட்டரோடு மோதாத எண்ணுக்கு மாற்றி, டிஹெச்சிபியை (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வேலையை) அணைத்து, கேபிளை இணையம் உள்ளே வரும் வான் போர்ட்டில் போடாமல் லேன் போர்ட் ஒன்றில் செருக வேண்டும். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் முன்பக்கத்தில் உள்ளதேதான், சேனல் மட்டும் வேறு. முன்னால் 1, பின்னால் 11. அந்த ரூட்டரின் இன்னொரு லேன் போர்ட்டிலிருந்து அக்காவின் லேப்டாப்புக்கு ஒரு குட்டிக் கேபிள். கரண்ட் போனால் பழைய ரூட்டரும் போகும்; அப்போது கேபிளைக் கழற்றி நேராக லேப்டாப்பில் செருகிவிடுவாள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், ஆணி அடிக்கவும் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவர்கள், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு திண்ணைக்கும் அறைக்கும் நடப்பவர்கள்: உங்களுக்குக் கேபிள் சரிப்படாது, ஆன்டெனா வைத்த யுஎஸ்பி அடாப்டர் வாங்குங்கள். பின்னால் புது லேப்டாப் வாங்கினாலும் அது வீணாகாது. எங்கள் அடாப்டர் இப்போது அப்பாவின் கணக்கு பார்க்கிற கம்ப்யூட்டரில் இருக்கிறது.

கேபிளில் அக்கா வகுப்பெடுக்கத் தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. ஐப்பசி மழைக்கு முன் வெளிச்சுவரில் போகும் அந்த 3 மீட்டருக்கு ஒரு பிவிசி பைப் மாட்ட வேண்டும். அவள் நினைவுபடுத்திக்கொண்டே இருக்கிறாள். ரிப்பீட்டரைப் பக்கத்து வீட்டுச் சித்தி கேட்டு வாங்கிக்கொண்டார். அவர்கள் வீட்டில் நடுவே ஒரே ஒரு செங்கல் சுவர், இன்வெர்ட்டர் பிளக்கும் அதிலேயே. அங்கே ஒழுங்காக ஓடுகிறது.